பதினைந்து பேருக்குப் புளிக்குழம்பு

காஜா பெராங், மலாக்கா
10-2-1957

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சேதுராமன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் சீதாவும் சுகம். தைப்பிங்கில் நீங்களும் அத்தானும் சிவகாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே மழை கொஞ்சமாவது விட்டதா?

ஒரு உதவி வேண்டும் அக்கா. சிரிக்காமல் படியுங்கள். எனக்குச் சமையல் சொல்லித் தர வேண்டும்.

விஜயாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பார்த்துக்கொள்ள விஜயா மூவாருக்குப் போயிருக்கிறாள். வர நாளாகும் போலிருக்கிறது. மூன்று வாரமாகக் கடைச் சாப்பாடுதான். சீதாவுக்கு வயிறு கெட்டுவிட்டது. நேற்று நானே சோறு வைத்தேன். அடியில் கரி, நடுவில் கூழ், மேலே அரிசி. சீதா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா வர்ற வரைக்கும் நான் ரொட்டியே தின்னுக்கிறேன்ப்பா" என்றாள். ஆறு வயதுக் குழந்தை எனக்காகப் பொய்யாகச் சிரித்தது.

காலை ஏழரைக்கு நான் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டும். திரும்ப ஐந்தாகிவிடும். சீதா பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்து வீட்டு மாக் மீனாச்சியிடம் இருப்பாள். அவர்கள் பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற செட்டிக் குடும்பம். தமிழ் வராது, மலாய்தான்; 'மாக்' என்றால் அம்மா. ஆனால் நல்ல மனுஷி. அடுப்பையும் எட்டிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

மரம் அறுக்கும் கடையிலிருந்து தூள் வாங்கி, பழைய பெயின்ட் டின்னில் மரத்தூள் அடுப்பு ஒன்று செய்திருக்கிறேன். காலையில் ஏற்றினால் மெல்லிய தணலாக ஆறு மணி நேரம் நின்று எரிகிறது. காலையில் ஏற்றிவிட்டுப் போனால் மாலையில் சாப்பிடுகிற மாதிரி, ஒரு வாரத்துக்கு என்னென்ன வைக்கலாம் என்று எழுதுங்கள். கிளறத் தேவையில்லாததாக இருக்கட்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி,
சேதுராமன்


தைப்பிங்
16-2-1957

என் அருமைத் தம்பிக்கு அக்கா கமலவேணியின் ஆசிகள். இங்கு எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் வலியைத் தவிர. உங்கள் இருவர் சுகத்துக்கும் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டில் எந்த ஆண்பிள்ளையாவது பானை மூடியைத் திறந்து பார்த்தது உண்டா? அப்பா தண்ணீர் கூடத் தானாக மோந்து குடித்தவர் இல்லை. அவர் பெற்ற பிள்ளை பெயின்ட் டின்னில் அடுப்புச் செய்கிறான்! உன் அத்தானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எழுதிக் கொடு, நல்லா விவரமா எழுதிக் கொடு" என்றார். ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து இருந்து இவருக்கு எதுவும் ஆச்சரியமாக இல்லை.

சரி, கேள். தூள் ஈரமாக இருந்தால் புகைதான் வரும். வெயிலில் காயவை. டின்னின் நடுவில் போத்தலை நிறுத்திச் சுற்றிலும் தூளைப் போட்டுக் குத்து, பிறகு போத்தலை உருவிவிடு. தளர்வாக இருந்தால் மத்தியானமே சரிந்து பானையும் சரியும். மண்சட்டியை வை, அலுமினியம் வேண்டாம். மூடிமேல் ஒரு கல் இருக்கட்டும். சோறு மட்டும் மாலையில் வந்து புதிதாக வடி. குழம்பை ஒரு கொதி விட்டுத்தான் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும், மறக்காதே.

திங்கட்கிழமை துவரம்பருப்பு. மஞ்சள், நாலு பூண்டு, ஒரு கரண்டி எண்ணெய் போட்டு ஏற்றிவிட்டுப் போ. வந்து புளி கரைத்துவிட்டுக் கத்தரிக்காய் போட்டால் சாம்பார். செவ்வாய் மொச்சை. முதல் நாளே ஊறப்போடாவிட்டால் உன் ஆறு மணி நேரம் போதாது, அறுபது மணி நேரமும் போதாது. புதன் கொள்ளு வேகவை. அந்தத் தண்ணீரை இறுத்து ரசமாக வைத்துக்கொள், கொள்ளைத் தாளித்துக்கொள். ஒரு சட்டி, இரண்டு சாப்பாடு. வியாழன் அன்று பச்சைப்பயறும் அரிசியும் கலந்து கஞ்சி, இறக்குகிறபோது தேங்காய்ப்பால். சீதாவின் வயிற்றுக்கு அதுதான் மருந்து. வெள்ளிக்கிழமை பரங்கிக்காய், கடலைப்பருப்பு. அன்று வாசலையும் பெருக்கு, விஜயா இல்லையென்று வெள்ளிக்கிழமையைக் கைவிடாதே. சனிக்கிழமை அரை நாள்தானே வேலை? ஆட்டுக்கால் வாங்கி, மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டுக் காலையில் ஏற்று. எலும்பு கையோடு வரும்.

ஞாயிறு நீ எங்கும் போகப் போவதில்லை. மிச்சத்தைச் சுடவைத்துச் சாப்பிட்டுத் தூங்கு.

விஜயாவின் அம்மாவுக்கு என்ன உடம்பு என்று எழுதவில்லையே? சிவகாமிக்கு ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பெயர் கணேசமூர்த்தி, பள்ளிக்கூட வாத்தியார். கூடி வந்தால் ஆவணியில் முடிக்கலாம். விஜயா வந்துதான் எனக்கு எல்லாம் செய்து தர வேண்டும்.

அன்புடன்,
அக்கா


காஜா பெராங்
5-3-1957

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் தேவலையா? சிவகாமி வரன் செய்தி கேட்டுச் சந்தோஷம். நல்ல இடமாகத் தெரிகிறது.

உங்கள் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டேன். முதல் திங்கட்கிழமை பருப்பு வேகவே இல்லை. தூளைச் சரியாகக் குத்தவில்லை. மாக் மீனாச்சி மத்தியானம் எட்டிப் பார்த்திருக்கிறார். மாலையில் என்னைப் பிடித்து நிறுத்தி டின்னைக் கவிழ்க்கச் சொன்னார். தானே உட்கார்ந்து உலக்கையால் இடித்துக் காட்டினார். "அப்பி கெச்சில், சேது, அப்பி கெச்சில்" என்று பத்துத் தடவை சொன்னார். நெருப்பைச் சின்னதாக வை என்கிறார். அடுத்த திங்கள் பருப்பு வெண்ணெய்.

மொச்சை சீதாவுக்குப் பிடித்துவிட்டது. கொள்ளு ரசம் பிடிக்கவில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஆட்டுக்கால் வைத்த சனிக்கிழமை அவள் இரண்டு தட்டுச் சோறு தின்றதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். சனிக்கிழமை வைத்தால் ஞாயிறு மத்தியானம் வரை கெடாமல், சுடவைக்காமல், அப்படியே சாப்பிடுகிற மாதிரி என்ன வைக்கலாம்? பஸ்ஸில் கொண்டு போனாலும் சிந்தாததாக இருக்க வேண்டும். எலும்பு, முள் இல்லாமல். பிசைந்தால் மெத்தென்று இருக்கட்டும், விரலுக்கு வேலை வைக்கக் கூடாது.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி,
சேதுராமன்


தைப்பிங்
14-3-1957

தம்பி சேதுவுக்கு,

நலம்தான். நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

கெடாமல் இருக்க வேண்டுமென்றால் பூண்டுப் புளிக்குழம்புதான். நல்லெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஊற்று. சின்ன வெங்காயம், பூண்டு இரண்டையும் முழுதாகப் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து, சனிக்கிழமை முழுவதும் உன் தணலில் கிடக்கட்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறபோது பூண்டு வெண்ணெயாக உருகியிருக்கும். பல் இல்லாதவர்கூடச் சாப்பிடலாம். தேங்காய் சேர்த்தாயோ, தொலைந்தாய். இரண்டு நாள் ஆனாலும் ஒன்றும் ஆகாது. சோற்றைச் சூட்டோடு மூடாமல் ஆறவைத்து வாழை இலையில் கட்டு.

ஆனால் ஒரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை நீ எங்கே போகிறாய்? யாருக்குக் கொண்டு போகிறாய்? மூவாருக்கா? மூவாருக்கென்றால் பஸ் பிடித்துப் போய்ச் சுடச்சுடச் சாப்பிடலாமே, அங்கே விஜயா இருக்கிறாளே. விரலுக்கு வேலை வைக்காத சாப்பாடு என்று என் வாழ்நாளில் கேட்டதில்லை.

நீ சேர்த்துவிடுவாய் என்று விஜயாவுக்கு இரண்டு கடிதம் உன் விலாசத்துக்கே போட்டேன். பதில் இல்லை. இந்த வாரம் மூவாருக்கே எழுதப் போகிறேன். ஈப்போக்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையனின் தாயார் ருக்மணி அம்மாள் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார். உன்னைப் பற்றியும் கேட்டார். மலாக்காவில் குடும்பத்தோடு கௌரவமாக இருக்கிறான் என்றேன்.

அக்கா


காஜா பெராங்
9-4-1957

அன்புள்ள அக்கா,

சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கம்பெனியில் வேலை அதிகம்.

புளிக்குழம்பு நன்றாக வந்தது. மூன்று வாரமாகச் சனிக்கிழமை தோறும் அதுதான். இப்போது வருஷப் பிறப்பு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பதினைந்து பேருக்கு என்றால் புளி எவ்வளவு, பூண்டு எவ்வளவு? தபால் வர நேரமில்லாவிட்டால் நானே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

மூவாருக்கு எழுத வேண்டாம். விஜயா சௌகரியமாக இருக்கிறாள்.

சேதுராமன்


தைப்பிங்
28-4-1957

சேது,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

மூவாரிலிருந்து விஜயாவின் அம்மா பதில் எழுதியிருக்கிறார். தனக்கு ஒரு தலைவலி கூட இல்லை என்கிறார். விஜயா தீபாவளிக்கு வந்ததுதான், அதற்கப்புறம் வரவே இல்லை என்கிறார். "என் மகள் எங்கே என்று உங்கள் தம்பியைக் கேட்டுச் சொல்லுங்கள்" என்று என்னைக் கேட்கிறார்.

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று யோசிப்பதற்குள் நேற்று கலியாணசுந்தரம் வந்தார். நம் ஊர்க்காரர், மலாக்காவில் துணிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். இங்கே உறவு வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "ஒங்க தம்பியப் போலீஸ் வுட்டுட்டாங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வருஷப் பிறப்பு அன்று அவரும் அதே கோலாலம்பூர் பஸ்ஸில் வந்தாராம். வழியில் ரோடு தடுப்பில் உன் பையைத் திறந்து பார்த்தார்களாம். பெரிய சட்டி நிறையக் குழம்பு, இலைக்கட்டுச் சோறு. யாருக்கு என்று கேட்டதற்கு நீ வாயே திறக்கவில்லையாம். உன்னை இறக்கிக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டார்களாம்.

பதினைந்து பேர்! யார் அந்தப் பதினைந்து பேர்? காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு கொண்டு போனால் என்ன தண்டனை என்று ஊரில் உள்ள குழந்தைக்குக்கூடத் தெரியும். நீயா? அப்பாவின் பெட்டியைத் தொடக்கூடப் பயந்தவன் நீ. நான் அறிவில்லாமல் எண்ணெய் பிரிய வேண்டும், இரண்டு நாள் தாங்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேனே, அது எங்கே போய்ச் சேர்கிறது? விஜயாவும் அங்கேதான் போய்விட்டாளா? இல்லை, அவளை நீ என்ன செய்தாய்?

உன் அத்தானிடம் கத்தினேன். அவர், "அவனே எழுதுவான், பொறு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இப்படியும் ஒரு மனிதர்.

உடனே எழுது. நீ வெளியே இருக்கிறாயா என்றாவது எழுது.

கமலவேணி


காஜா பெராங்
20-5-1957

அன்புள்ள அக்கா,

நான் வெளியேதான் இருக்கிறேன். அன்றே விட்டுவிட்டார்கள். சீதாவும் நலம். மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

காட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விஜயா கோலாலம்பூருக்கு வெளியே இருக்கிற காலனியில் இருக்கிறாள். எந்தக் காலனி என்று உங்களுக்குத் தெரியும். குஷ்ட நோயாளிகளை வைத்திருக்கிற இடம்.

ஜனவரி மாதம் ஒரு காலை. விஜயா அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டே சீதாவிடம் ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தோல் கருகுகிற நாற்றம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பிடிதுணி இல்லாமல் வெறும் கையால் பானையைப் பிடித்திருந்தாள் அக்கா. "விஜயா, கை!" என்று கத்தினேன். அவள் என்னைத்தான் பார்த்தாள், கையைப் பார்க்கவில்லை. "என்னங்க?" என்றாள். நான் பானையைத் தட்டிவிட்டேன். உள்ளங்கை வெந்து போயிருந்தது. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. வலியில் அழவில்லை. வலிக்கவில்லையே என்று அழுதாள்.

டாக்டர் முழங்கையில் ஒரு தேமலைப் பார்த்தார். ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். நாலாம் நாள் வண்டி வந்தது. சீதா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மாக் மீனாச்சி மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மாலை சீதாவைக் கூப்பிட வருவாரா என்று பார்த்தேன். வழக்கம்போல வந்தார், கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீதாவையும் என்னையும் பரிசோதித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிறு தோறும் பார்க்கப் போகிறேன். நடுவில் நீளமான மேசை. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கட்டுப் போட்ட விரலால் எலும்பைப் பிடிக்கவோ முள்ளை எடுக்கவோ முடியாது. அதனால்தான் அப்படிக் கேட்டேன். அவளையும் சேர்த்து அவளுடைய அறை வரிசையில் பதினாலு பெண்கள், என்னோடு பதினைந்து பேர். பலருக்குப் பார்க்க யாரும் வருவதில்லை. வருஷப் பிறப்பு ஆயிற்றே, எல்லோருக்குமாகக் கொண்டு போகலாமென்று நினைத்தேன்.

ரோடு தடுப்பில் இன்ஸ்பெக்டர் கேட்டபோது பஸ் முழுவதும் என்னையே பார்த்தது. இரண்டு ஸீட் தள்ளிக் கலியாணசுந்தரம். சொல்லியிருந்தால் அடுத்த நாளே மலாக்கா முழுக்கத் தெரியும், அடுத்த வாரம் ஈப்போவுக்குத் தெரியும். சிவகாமியை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். ஸ்டேஷனில் மத்தியானம் வரை உட்காரவைத்தார்கள். கடைசியில் இன்ஸ்பெக்டரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். அவர் சட்டியின் மேல் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். நான் வைத்த குழம்பு அக்கா. அவள் தொட்டதுகூட இல்லை. பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அது முடிந்து வெளியே வந்து, அவரே ஒரு லோரியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்துவிட்டது. சட்டியை மட்டும் வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களிடம் சொல்லாதது தவறு. மூவாருக்கும் எழுதிவிட்டேன்.

சேதுராமன்


தைப்பிங்
2-6-1957

தம்பி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நான் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் பெயரை என்னால் எழுதக்கூட முடியவில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம் விஜயா இங்கே வந்திருந்தபோது சிவகாமிக்குத் தலை பின்னிவிட்டாள். அந்தச் சீப்பை இன்று அடுப்பில் போட்டேன். போட்டுவிட்டு அழுதேன். நீ இதைப் படித்து என்னை என்ன நினைத்தாலும் சரி.

நிச்சயம் முடிந்துவிட்டது. கல்யாணம் ஆவணி இருபது. எனக்கு ஒரே பெண். நான் கேட்கப் போவதைக் கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன். நீ கல்யாணத்துக்கு வராதே. வேலை என்று சொல்லிவிடுகிறேன். அதுவரை கடிதமும் வேண்டாம். இங்கே தபால்காரர் கொண்டு வருவதை யார் யாரோ வாங்குகிறார்கள்.

குழந்தையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

கமலவேணி


தைப்பிங்
21-7-1957

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் சீதாவும் நலமா? ஏழு வாரமாக நீ எழுதவில்லை. நான்தான் வேண்டாமென்றேன். சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளையாக நீ எப்போதிருந்து ஆனாய்?

கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் தேடி உன் அத்தானின் பெட்டியைத் திறந்தேன். ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்த கடிதக் கட்டு ஒன்று இருந்தது. உன் கையெழுத்து. முதல் கடிதம் ஜனவரி 25. அந்த நோய்க்கு மாத்திரை வந்திருக்கிறதாமே, குணமாகுமா அத்தான் என்று கேட்டிருக்கிறாய். அவர் பதில் எழுதியிருக்கிறார், நீ மறுபடி எழுதியிருக்கிறாய். நான் உனக்கு மொச்சையை ஊறவைக்கச் சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் இந்த வீட்டிலேயே எல்லாம் தெரிந்த ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் செட்டியம்மாவுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். கூடப் பிறந்தவளுக்கு மட்டும் தெரியாது!

கட்டை அவர் முன்னால் போட்டேன். "நான் ஊரெல்லாம் சொல்லிடுவேன்னு பயந்தீங்களா?" என்றேன்.

"இல்ல."

"பின்ன?"

"ஒனக்குத் தெரிஞ்சா நீ எழுதறத நிறுத்திடுவேன்னு சேது பயந்தான். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்னு எழுதியிருந்தான். நிறுத்த மாட்டா, நீ தைரியமா சொல்லுடான்னேன் நான்."

நிறுத்திவிட்டேனே சேது. நீ பயந்ததை அப்படியே செய்துவிட்டேனே.

இம்மாதம் பத்தாம் தேதி கல்யாணச் சேலை எடுக்கக் கோலாலம்பூர் போயிருந்தோம். நல்ல வெயில். அலைந்ததில் களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

வெயில் காலத்தில் கொள்ளு வேண்டாம், சூடு. புதன்கிழமைக்குப் பாசிப்பருப்பும் கீரைத்தண்டும் வை. மற்றதைப் பின்தாளில் எழுதியிருக்கிறேன். பதில் போடு. வீட்டு விலாசத்துக்கே போடு.

அக்கா


காலனி, கோலாலம்பூர்
4-8-1957

மரியாதைக்குரிய அண்ணிக்கு விஜயா வணக்கத்துடன் எழுதுவது.

நான் தேறி வருகிறேன். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அவர் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். இங்கிருந்து போகிற கடிதங்களுக்கு மருந்துப் புகை போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். எழுத்து கோணலாக இருப்பது கட்டு போட்டிருப்பதால்.

ஏழு மாதத்தில் நான் யாருக்கும் எழுதவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் பத்தாம் தேதி மத்தியானம் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு டாக்சி வந்து நின்றது. அரக்குச் சேலை கட்டிய ஓர் அம்மா இறங்கினார். காலை லேசாகத் தாங்கித் தாங்கி நடந்தார். உங்களைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் எனக்குத் தெரியாதா?

நீங்கள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றீர்கள். நான் எழுந்து நின்றேன். கூப்பிட்டால் நீங்கள் வர வேண்டியதாகிவிடுமே என்று பயமாக இருந்தது. பிறகு ஒரு தூக்கைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். "யாருன்னு சொல்லலம்மா, அளுதுக்கிட்டே போனாங்க" என்று அவர் கொண்டு வந்து கொடுத்தார். புளிக்குழம்பு. அவர் வைப்பதில் உப்பு எப்போதும் தூக்கலாக இருக்கும். இது சரியாக இருந்தது.

அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீங்கள் திரும்பிப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை அண்ணி. என்னைப் பெற்ற அம்மா மூவாரிலிருந்து ஒரு வரி எழுதினார், "இனி எனக்கு இரண்டு பெண்கள்தான்" என்று. நாங்கள் மூன்று பேர். நீங்கள் கேட்டு வரைக்கும் வந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் உங்கள் தாளை எனக்குப் படித்துக் காட்டுவார். போத்தலை நடுவில் நிறுத்து, தேங்காய் சேர்த்தாயோ தொலைந்தாய் என்று உங்கள் குரலிலேயே படிப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பதினாலு பேரும் சிரிப்போம். ஜூன் மாதம் தாள் வரவில்லை. பழையதையே படித்தார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

தொடர்ந்து சோதித்துக் கிருமி இல்லையென்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இரண்டு சோதனை சுத்தமாக வந்திருக்கிறது. இன்னும் பல பாக்கி.

சிவகாமி கல்யாணத்துக்கு அவர் வர மாட்டார். நானும் போகக் கூடாதென்றுதான் சொன்னேன். அவள் நன்றாக இருக்கட்டும்.

தங்கள்,
விஜயா


தைப்பிங்
15-9-1957

அன்புள்ள விஜயாவுக்கு,

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உள்ளங்கைப் புண் ஆறிவிட்டதா? உன் அண்ணன் தினமும் கேட்கிறார். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. ஆமாம், அது நான்தான். கம்பியைப் பிடித்தேன், கால் வரவில்லை. உள்ளே போக வேண்டும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது, காலோ டாக்சியை நோக்கித் திரும்பிவிட்டது. நீ பார்த்துக்கொண்டு நின்றாய் என்று படித்தபோது, பகவானே, பூமி பிளந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

மறுநாள் காலை ஈப்போவுக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருஷத்தில் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. ருக்மணி அம்மாள் காப்பி கொடுத்தார். குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "என் தம்பி பெண்சாதிக்குப் பெருநோய் வந்திருக்கு. வைத்தியம் நடக்குது. தம்பிக்கும் கொழந்தைக்கும் ஒண்ணும் இல்ல. அவன் கல்யாணத்துக்கு வருவான், முன் வரிசையில உக்காருவான்."

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, "இத ஏன் எங்ககிட்டச் சொன்னீங்க? சொல்லாம இருந்திருந்தா எங்களுக்கும் நிம்மதியா இருந்திருக்குமே" என்றார். எனக்கு அந்த அம்மாளின் மேல் கோபமே வரவில்லை. ஜூன் மாதத்தில் நானும் அந்த இடத்தில்தான் நின்றேன்.

ஆறு நாள் ஒரு தகவலும் இல்லை. சிவகாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். "ஈப்போவுல போய்ச் சொன்னதுக்கு அளல. சீப்பக் கொளுத்தினீங்களே, அதுக்குத்தான் அளுவறேன்" என்றாள். ஏழாம் நாள் பையன் கணேசமூர்த்தியே வந்தான். உன் அண்ணனிடம் ஆஸ்பத்திரி விவரமெல்லாம் கேட்டான். பிறகு சிவகாமியைப் பார்த்து, "எனக்குச் சம்மதம். வீட்ல கொஞ்ச பேரு வர மாட்டாங்க. பரவால்லியா?" என்றான்.

வரத்தான் இல்லை. ஊரெல்லாம் மெர்டேகா சுதந்திரக் கொண்டாட்டக் கொடி கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்த வாரம் அது. எங்கள் பந்தலில் மட்டும் பாதிப் பாய் காலி. பையனின் பெரியப்பா குடும்பம் தாலி கட்டியதும் எழுந்து போய்விட்டது. கலியாணசுந்தரம் வந்தார், சாப்பிடவில்லை. சேது கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் சீதாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் முன்னால் போய்க் கையைப் பிடித்து எழுப்பினேன். "வேணாங்க்கா, விட்டுடுங்க" என்றான். விடவில்லை. ருக்மணி அம்மாளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு, சேதுவோடு நானும் வருகிறேன். பதினாலு பேருக்கும் வேண்டியதை நானே மலாக்காவுக்கு வந்து அந்தப் பெயின்ட் டின்னில் வைக்கிறேன். மாக் மீனாச்சி பக்கத்தில் இருக்கட்டும். வழியில் யாருக்கு என்று கேட்டால் சொல்லிவிடலாம்.

பார்வையாளர் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டுமாமே. கமலவேணி, தைப்பிங் என்று கொடு. என்ன உறவு என்று கேட்டால் அண்ணி, நாத்தனார் என்றெல்லாம் எழுதவிடாதே. அக்கா என்று எழுதச் சொல்.

கமலவேணி